அம்மாவின் முழங்கையும் உங்கள் பிளாஸ்திரியும்

கண்ணாடி உடைந்தாலும் தோட்டத்துக் குழாய் ஒழுகினாலும் பிளாஸ்திரியோடு வந்து நிற்கும் என் செல்ல அப்பாவுக்கு,

முதலில் சேதி. அம்மா ஸ்கூட்டர் ஓட்டுகிறார்! உங்கள் ஸ்கூட்டரைத்தான். சிரிக்காதீர்கள். உங்கள் பின்னால் உட்கார்ந்து "மெதுவா போங்க, மெதுவா போங்க" என்று உயிரை வாங்குவாரே, அதே அம்மாதான். கடைக்கும் கோயிலுக்கும் இனி யாரையும் எதிர்பார்க்க மாட்டாராம். 'எல்' எழுதிய அட்டையை, உங்கள் டிராயரில் கிடந்த பிளாஸ்திரியால் வண்டி முன்னால் தானே ஒட்டிக்கொண்டார்.

கிரிவலப் பாதையில் பழகும்போது ஒருநாள் விழுந்தார். வண்டி மேல் தப்பில்லை, பாதை மேலும் தப்பில்லை. வழியில் வாயு லிங்கம் சன்னதி வந்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டிருக்கிறார்! நல்லவேளை, நடை வேகம்தான். வலது முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவே. "சாமிய பாத்தா கை தானா ஏறுது, நான் என்னா பண்றது?" என்றார்.

கிளினிக்கில் மருந்து போட்டு, தினமும் கட்டு மாற்றச் சொன்னார்கள். நீங்கள் வாங்கும் அதே வெள்ளைப் பிளாஸ்திரியை வாங்கி ஒட்டினேன். "பிச்சா தோலோட வரணும், அதான் நல்ல பிளாஸ்திரி" என்பீர்களே, அப்படியே வந்தது. அம்மாவின் தோல் இப்போது வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது அப்பா. சில நாளில் காயத்தைச் சுற்றி ஒரே சிவப்பு.

சென்னையிலிருந்து அண்ணன் வீடியோ காலில் பார்த்தான். "புண்ணு பரவுது. இந்த வயசுல இதெல்லாம் தேவையா? ஞாயித்துக்கிழமை வரேன், வண்டிய வித்துடலாம்." அம்மா எழுந்து போய் வண்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். நீங்கள் போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்ததே இந்த வண்டியால்தான்.

அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். அந்தச் சிவப்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக நின்றது. புண் அப்படியா பரவும்? பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் மட்டும்தான் இருந்தது. கிளினிக்குக்கு ஓடினோம். நர்ஸ் சிரித்துவிட்டார். "காயம் நல்லா ஆறுதும்மா. பிளாஸ்திரிதான் தோல உரிச்சிருக்கு. வயசானவங்க தோலுக்கு இவ்ளோ ஸ்ட்ராங்கா ஒட்டுறது ஆவாது."

பேப்பர் டேப் கொடுத்தார். தோலுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆக்ஸிலேட்டர் திருகுவது போல் கையை முறுக்கிப் பழகியதில் கழன்று விழுந்தது. பிறகு மெடிக்கல் ஷாப்பில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, இழுத்தால் நீளும் மெல்லிய டேப்பாக வாங்கினேன். முழங்கையை லேசாக மடக்கி வைத்து, டேப்பை இழுக்காமல் ஒட்ட வேண்டும். எடுக்கும்போது தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மெதுவாக மடித்து எடுக்க வேண்டும். நீங்கள் வெடுக்கென்று பிடுங்குவீர்களே, ஏன் அப்பா? நான் அழுவதற்குள் முடிந்துவிடட்டும் என்றா?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். சிவப்பு அடங்கியிருந்தது, காயமும் காய்ந்திருந்தது. முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அம்மா முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்து, "பின்னாடி ஏறு" என்றார். இரண்டு பேரும் கிரிவலப் பாதையில் ஒரு சுற்றுப் போய்விட்டுத் தெருமுனையில் திரும்பும்போதே அண்ணன் குரல் கேட்டது: "மெதுவா போம்மா, மெதுவா போம்மா!" சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவுக்கோ ஒரே பெருமை. "வாயு லிங்கத்தாண்ட கைய எடுக்கலயே, மனசால கும்பிட்டுக்கினேன்!" வண்டியை விற்கும் பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை.

இப்போது எட்டும் போட்டாயிற்று, லைசென்சும் வந்துவிட்டது. எல் அட்டையை எடுக்கப் போனேன். அட்டை கிழிந்து வந்தது, உங்கள் பிளாஸ்திரி வரவில்லை. வெந்நீர், தேங்காய் எண்ணெய், ஒன்றுக்கும் மசியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்த அம்மா சொன்னார்:

"விடுடி. அவரு வண்டிய விட்டு எறங்க மாட்டாரு."

விட்டுவிட்டேன் அப்பா. அம்மா கைக்கு மெல்லிய டேப், வண்டிக்கு நீங்கள். இனி அதில் நகம்கூடப் பட விடமாட்டேன், சத்தியம்.

பின்சீட்டுக்கு அண்ணனோடு இன்னும் சண்டை போடும்,
உங்கள் சின்ன மகள்