செல்வியின் பை

கொட்டாஞ்சேனை,
ஒக்டோபர் 22

அன்புள்ள நஸ்லாவுக்கு,

டெல்பின் எழுதிக்கொள்வது. மெல்பேர்னில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே கிளைவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. எனக்கும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போன் எடுத்தால் முடிகிற விஷயத்தை ஏன் இவள் இவ்வளவு நீட்டி எழுதுகிறாள் என்று யோசிப்பாய். இந்தத் தொடர்மாடியில் ஒரு அறையில் இருமினால் அடுத்த வீட்டுக்காரர் சுகம் விசாரிப்பார். கிளைவின் காதில் விழுந்தால் எழுத்துக் குழுவை இன்றைக்கே மூடு என்று ஏசுவார். கட்டிய புருஷனுக்குப் பயந்து கணினிக்கு முன்னால் ஒளிந்திருக்கிறேன் என்று சிரிக்காதே. முழுக்க வாசி, ஏன் சிரிக்கக்கூடாது என்று தெரியும்.

முதலில் வேலை விஷயம். 'முப்பது நாள் நாவல்' தொடங்க இன்னும் பத்து நாள். நீ அங்கிருந்து செய்து தந்த பதிவுப் பக்கம் பிழையில்லாமல் ஓடுகிறது. நேற்று முன்தினம்வரை நூற்று நாற்பத்து மூன்று பேர் பதிந்துவிட்டார்கள். வெள்ளவத்தையில் உன் வீட்டு மேல்மாடியில் ஏழு பேரோடு தொடங்கினோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நீ வெள்ளவத்தை, நான் கோட்டை என்று விளையாட்டுக்குப் புனைபெயராக வைத்துக்கொண்ட ரயில் நிலையப் பெயர்கள் இப்போது சட்டமாகிவிட்டன. மருதானை என்ற பெயருக்கு இரண்டு பேர் அடிபடுகிறார்கள். ஒருவர் வவுனியா, மற்றவர் பாரிஸ். இரண்டு பேரும் மருதானையில் ஒரு நாளாவது இறங்கியிருப்பார்களோ தெரியாது. சுவரொட்டியைச் சாந்தகுமார்தான் செய்கிறார், களனி என்ற பெயரில் போன வருடம் மூன்று நாவல் எழுதித் தள்ளினாரே, அவர்தான். ஒரு காற்புள்ளிக்காக மூன்று நாளாக என்னோடு சண்டை பிடிக்கிறார். நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். சண்டை பிடிக்கிற தென்பு என்னிடம் இல்லை.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். நேற்றுக் காலை நூற்று நாற்பத்து நான்காவது பதிவு வந்தது. கேட்டிருக்கும் பெயர் தெமட்டகொடை.

ஒருவர் விட்டுப்போன நிலையப் பெயரை நாங்கள் இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. தெமட்டகொடை நிஷாந்தியின் பெயர். போன வருடம் பத்தொன்பதாம் நாள் அவள் எழுதாமல் நின்றாள். ஏன் நின்றாள் என்று நீ மூன்று தடவை கேட்டாய். வீட்டில் வேலை கூட என்றாளாம் என்று மூன்று தடவையும் சொன்னேன். அது பொய், நஸ்லா. ஒரு வருடமாக அந்தப் பொய்யோடுதான் படுத்து எழும்புகிறேன்.

அவளுடைய நாவல் உனக்கு நினைவிருக்கும். செல்வி என்று ஒரு பெண். புருஷனை விட்டுப் போவதற்காக, நாளுக்கு ஒரு சாமானாக வீட்டிலிருந்து எடுத்து, தெருமுனைத் தையல்கடையில் வெட்டுத்துணி மூட்டைக்குள் ஒளித்த பை ஒன்றில் சேர்க்கிறாள். ஒரு நாள் பிறப்புச் சான்றிதழ். இன்னொரு நாள் ஒரு சோடிச் செருப்பு. பை எப்போது நிரம்பும், எப்போது புறப்படுவாள் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். நான்காம் அத்தியாயத்தில் அந்தப் புருஷன் சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு, ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கச் சொல்லிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் பெரிய மேதாவி அல்லவா, அவளுக்குத் தனியாக எழுதினேன். இப்படி ஒரு ஆளை வாசகர் நம்ப மாட்டார்கள் தங்கச்சி, அவனுக்குக் கொஞ்சம் நல்ல குணமும் வையுங்கள் என்று. சரி அக்கா, பாக்கிறன் என்று மட்டும் பதில் போட்டாள்.

பிறகு அவள் நின்றாள். இடையில் நிற்பவர்களுக்கு அவர்களுடைய கதாபாத்திரமே எழுதுவதுபோல வீட்டுக்குத் தபாலட்டை போடுவது நமது வழக்கம்தானே. எத்தனை பேரை அந்த அட்டை திரும்பக் கூட்டிவந்திருக்கிறது என்று நாங்கள் பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை. நிஷாந்திக்கும் என் கையாலேயே எழுதினேன். 'பையோடு பஸ் ஹோல்ட்டில் நிற்கிறேன். வீட்டை விட்டு என்னை எப்போது கூட்டிப் போவாய்? இப்படிக்கு, செல்வி.' யாரும் வாசிக்கக்கூடிய திறந்த அட்டை. கீழே குழுவின் போன் நம்பர் முத்திரை, அதாவது என்னுடைய நம்பர்.

நான்கு நாள் கழித்து ஒரு ஆண் போன் எடுத்தார். குரலில் அவ்வளவு மரியாதை. அக்கா, நான் நிஷாந்தியிட ஹஸ்பன்ட் கதைக்கிறன், ஒரு அட்டை வந்திருக்கு, செல்வி எண்டது ஆர் என்று கேட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எழுதுகிற பெண்களின் புருஷன்மார் எவராவது இப்படிப் போன் எடுத்து விசாரித்திருக்கிறார்களா? உங்களுடைய மனுசி எவ்வளவு நல்லாக எழுதுகிறா தெரியுமா என்று தொடங்கி, இருபது நிமிஷம் கதைத்தேன். நிலையப் பெயர், பதியும்போதே எழுதித் தரும் முதல் வசனம், அட்டை என்று நமது வழக்கம் எல்லாம் சொன்னேன். நாவலின் கதையையும் சொன்னேன். அப்ப அந்தச் செல்வி பையை எங்க அக்கா வச்சிருக்கிறா என்று சிரித்துக்கொண்டு கேட்டான். தையல்கடையில், வெட்டுத்துணி மூட்டைக்குள் என்று நான் சொன்னேன். கதை சொல்கிற புளுகத்தில், அந்தச் சந்தோஷத்தில் சொன்னேன். தாங்ஸ் அக்கா என்று வைத்துவிட்டான்.

அடுத்த நாள் குழுவில் நிஷாந்தி இல்லை. பதினெட்டு அத்தியாயமும் அழிந்துவிட்டன. தை மாதம் பொறுக்கமுடியாமல் அவளுடைய விலாசத்தைத் தேடிப் போனேன். வீடு பூட்டிக்கிடந்தது. தெருமுனையில் உண்மையாகவே ஒரு தையல்கடை இருந்தது. வைத்திருப்பவர் ஜவாஹிறா என்று ஒரு அம்மா. நான் நிஷாந்தியின் பெயரைச் சொன்னதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அந்தப் புள்ளேட பேக்க மாப்புள வந்து எடுத்திட்டுப் போனார், எங்க இரிக்கி எண்டு கேக்கவுமில்ல, நேரா மூட்டைக்குள்ள கைய வுட்டார், அதுக்குப் பொறகு புள்ளயக் காணல்ல என்றார்.

எல்லாம் கதை என்று நினைத்தேன் நஸ்லா. அந்தப் பெண் தன்னுடைய வாழ்க்கையை நாளுக்கு ஆயிரம் சொல்லாக எங்களிடம் ஒப்படைத்திருக்கிறாள். நான் அதை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன்.

இப்போது வந்த பதிவில் போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பூச்சியம், விலாசத்தில் வெறும் கோடு, மின்னஞ்சல் முகவரியும் புதிது. நாவலின் முதல் வசனம் இது: 'இந்த முறை செல்வி பையை எங்கே வைத்திருக்கிறாள் என்று ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்.'

இது அவளா, அவனா? அவள் என்றால் உயிரோடு இருக்கிறாள், என் பிழை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் என்றால், அவள் அவனிடமிருந்து தப்பிவிட்டாள், நம்மிடம் வருவாள் என்று வலை விரித்துக் காத்திருக்கிறான். நமது வழக்கம் எல்லாம் அவனுக்கு நான்தானே சொல்லிக்கொடுத்தேன். ஏற்பதா, தள்ளுவதா என்று திரையில் இரண்டு பொத்தான் நிற்கிறது. என் விரல் இரண்டுக்கும் போகவில்லை. என்னை ஏச வேண்டுமென்றால் ஏசு, ஆனால் கெதியாகப் பதில் போடு.

அன்புடன்,
டெல்பின்


கொட்டாஞ்சேனை,
ஒக்டோபர் 29

அன்புள்ள நஸ்லா,

உன் பதில் கிடைத்தது. நீ ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அந்தப் பதிவைத் தள்ளிவிட்டு இந்த வருடம் குழுவுக்கு ஓய்வு கொடுப்போம் என்று எழுதியிருந்தாய். நானும் அப்படித்தான் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது அவளாக இருந்தால்? போன வருடம் அவளுக்கு இருந்த ஒரே வாசல் நாங்கள். அதை நான் ஒரு தடவை அவளுடைய முகத்தில் அடித்துச் சாத்திவிட்டேன். இரண்டாம் தடவையும் சாத்த எனக்குக் கை வரவில்லை.

ஐந்து நாளாக ஒரு போன் வருகிறது. எடுத்தால் பேச்சில்லை. பின்னால் ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்கிறது. நேற்று நான் குளித்துக்கொண்டிருந்தபோது கிளைவ் எடுத்துவிட்டார். வெளியே வந்தால், ஆரோ மூச்சு விட்டுக்கொண்டு நிக்கிறான் டெல்பின், நீ என்னத்தை எனக்கு மறைக்கிறாய் என்று கேட்டார். ஈரத் தலையோடு நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்திருந்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போய் வாசற்கதவின் மேல் தாழ்ப்பாளையும் போட்டார். அவரும் பயந்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. லிப்ட் வேலை செய்யாததால் எல்லோரும் படியால்தான் வருகிறார்கள். ஒவ்வொரு காலடிச் சத்தமும் நான்காம் மாடியைத் தாண்டிப் போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

நீ அனுப்பிய நம்பருக்குக் கதைத்தேன். வீட்டைவிட்டு வரும் பெண்களுக்கு இடம் கொடுக்கும் அந்த மிஸ் மிகவும் பொறுமையாகக் கேட்டார். அவளுக்கென்று தனியாக ஒரு சொல்லும் எழுத வேண்டாம், எந்தக் கேள்வியும் கேட்க வேண்டாம், அவளுடைய போனை வேறு யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது, காரணம் சொல்லாமல் வந்து போகக்கூடிய ஒரு இடம் இருந்தால் மட்டும் போதும் என்றார். காரணம் கேட்காத இடம் இந்தக் கொழும்பில் எங்கே இருக்கிறது என்று நான் முழிக்க, கிளைவ்தான் சொன்னார். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்கு யார் போனாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை, வேதக்காரரும் சைவக்காரரும் முஸ்லிம்களும் சிங்களவர்களும் போகிறார்கள், எந்தப் புருஷனும் தடுக்க மாட்டான் என்று.

அதனால் நாளை மறுநாள் தொடக்கக் கடிதத்தை நூற்று நாற்பத்து நான்கு பேருக்கும் ஒரே மாதிரி அனுப்பப் போகிறேன். செவ்வாய்தோறும் கோயிலில் இருப்பேன் என்று அதில் ஒரு வரி இருக்கும், அவளுக்கென்று ஒன்றும் இல்லை. அவளுடைய தோளுக்குமேல் யார் எட்டிப் பார்த்தாலும் சங்கத்து அறிவித்தல் என்றுதான் தெரியும். பதிவுப் பக்கத்தில் விலாசம் கேட்கும் கட்டத்தை இன்றைக்கே எடுத்துவிடு. பழைய விலாசப் பட்டியலையும் அழித்துவிடு. தெமட்டகொடையை ஏற்றுக்கொண்டேன். பொத்தானை அமர்த்திய அவசரத்தில் மருதானைக்காரர் இரண்டு பேரையும் சேர்த்து ஏற்றுவிட்டேன். இந்த வருடம் இரண்டு மருதானை இருக்கட்டும்.

அவன் வந்தால் என்ன செய்வாய் என்று நீ கேட்பாய். வந்தால் அங்கே என்னைத்தான் காண்பான், அவளை அல்ல. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் இந்த ஒரு தடவையாவது நான் நின்றுபார்க்கிறேன். முன் வரிசை வாங்குப் பலகையில் சாந்தகுமார் இருப்பார். பக்கத்தில் கிளைவ், அந்த முழங்காலோடு. இப்படி வீரம் எழுதுகிறேனே தவிர, நஸ்லா, படியில் காலடி கேட்டால் இன்னும் எழும்பிப் போய்த் தாழ்ப்பாளைத்தான் பார்க்கிறேன். உன் தொழுகையில் எங்களையும் நினைத்துக்கொள். அவளை முதலில் நினை.

டெல்பின்


முப்பது நாள் நாவல்: தொடக்கக் கடிதம்
ஒக்டோபர் 31

எல்லா நிலையங்களுக்கும் கோட்டையின் அன்பு வணக்கம்.

நாளை காலை ஆறு மணிக்கு நமது ஆறாவது வருடம் தொடங்குகிறது. நாளுக்கு ஆயிரம் சொல், முப்பது நாள். இன்று மாலை ஸூமில் சந்திப்போம். முகம் காட்ட விரும்பாதவர்கள் காட்டத் தேவையில்லை. மருதானை என்ற பெயரில் இம்முறை இருவர் எழுதுகிறார்கள், குழம்பிவிடாதீர்கள்.

சில விதிகளை மாற்றியிருக்கிறோம். இனி ஒருவருடைய வீட்டுக்கும் தபாலட்டை வராது. விலாசங்களை அழித்துவிட்டோம். எவர் வீட்டிலிருந்து எவர் போன் எடுத்து விசாரித்தாலும், ஒருவர் எழுதுகிறாரா, என்ன எழுதுகிறார் என்று குழு வாய் திறக்காது. முன்பு திறந்தது பெரும் பிழை. அந்தப் பிழை என்னுடையது, அதற்காக உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். எழுதாமல் நிற்பவர்களை ஏன் நின்றீர்கள் என்று கேட்க மாட்டோம். அவர்களுடைய பெயரும் இடமும் அப்படியே இருக்கும்.

இன்னொன்று. போன வருடம் உங்களில் சிலருக்கு, இப்படி ஒரு ஆளை வாசகர் நம்ப மாட்டார்கள், கொஞ்சம் மாற்றுங்கள் என்று எழுதியிருந்தேன். மாற்ற வேண்டாம். ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம். நான் நம்புகிறேன்.

நவம்பர் மாதம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில், மெழுகுதிரி ஏற்றும் இடத்துக்குக் கிட்ட உள்ள வாங்கில் இருப்பேன். பச்சைக் குடை வைத்திருக்கும் பருத்த பொம்பிளை நான்தான். நவம்பரில் வர வசதிப்படாவிட்டால் டிசம்பரிலும் இருப்பேன், தை மாதத்திலும் இருப்பேன். எழுதியதைக் கொண்டுவர வேண்டும் என்று இல்லை. எதுவுமே எழுதாமலும் வரலாம். பெயர் சொல்லத் தேவையில்லை, பக்கத்தில் வந்து இருந்தால் போதும்.

உங்கள் கைகளும் உங்கள் கதைகளும் நீங்கள் இருக்கும் வீடும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வீடு பத்திரமில்லை என்றால், நீங்களாவது பத்திரமாக இருங்கள்.

உங்கள்
கோட்டை

பி.கு.: வருகிறவர்கள் பை ஒன்றும் கொண்டுவர வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள்.