இடது ஓரத்துத் துண்டுகள்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே மூவரும் சுகம். நீங்களும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீங்கள் அதை முடித்துவைத்துவிடுகிறீர்கள். கடிதமென்றால் கடைசிவரை நானே பேசலாம்.

உங்கள் தம்பியின் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய பஸில் பெட்டி வந்து சேர்ந்தது. இரண்டாயிரம் துண்டைச் சேர்த்தால் ஒரு படம்! ஒரு துறைமுகம், அதில் நெருக்கியடித்துக்கொண்டு படகுகள், மேலே பாதிப் படத்துக்கு வெறும் ஆகாயம். அன்றைக்கே எனக்கு ஒரு சக்களத்தி வந்துவிட்டாள், அண்ணி. கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டிக் களைத்து வருகிற மனிதர் முகம்கூடக் கழுவாமல் அவள் எதிரில் போய் உட்கார்ந்துவிடுகிறார். அதிலும் எனக்கு வருத்தமில்லை. அவள் குடியிருப்பது என் வெட்டு மேசையில். அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு விடுதிக்கு முப்பது ஜன்னல் திரைச்சீலை தைக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். மேசையில் துறைமுகம் இருப்பதால் துணியைத் தரையில் விரித்து மண்டியிட்டு வெட்டுகிறேன். முதுகு விண்விண் என்கிறது.

படம் முடிந்ததும் பலகையில் ஒட்டிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறாராம். இதற்காக இடது பக்கச் சுவரைக் காலி செய்துவிட்டார். காலண்டர் போயிற்று, கடிகாரம் போயிற்று. மணி பார்க்க வேண்டுமானால் சமையலறைக்குப் போக வேண்டியிருக்கிறது. சுவரில் இரண்டு ஆணிகள் மட்டும் மாப்பிள்ளை வரவுக்கு நிற்பதுபோல நிற்கின்றன.

ஒரு விஷயம். கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? அந்தப் பெட்டியைப் புதிதாகத்தான் வாங்கினீர்களா? தினமும் சாயங்காலம் உங்கள் தம்பி, "இதுல துண்டு குறையுது, ஏமாத்திட்டான்" என்று புலம்புகிறார். நம் நீதிபதி இருக்கிறாளே, என் மகள், உங்கள் மருமகள், கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து எல்லா வழக்கிலும் தீர்ப்பு சொல்கிறவள், கடைக்காரன் அத்தையை ஏமாற்றிவிட்டான் என்று தீர்ப்பெழுதிவிட்டாள்.

மற்றபடி இவர் நடையில்தான் கவனமே இல்லை. கதவு நிலையில் இடித்துக்கொண்டு தோளெல்லாம் கன்றிப் போயிருக்கிறது. கிடங்கிலும் வண்டியை அலமாரியில் உரசிவிட்டாராம். கேட்டால், "அலமாரியை நெருக்கி வெச்சுட்டாங்க, நான் என்ன பண்றது" என்கிறார். குற்றம் எப்போதும் அலமாரியுடையதுதான்.

நீங்கள் எழுதியதையும் படித்தேன். மாடிப்படி விளக்கு மங்கலாக எரிவதால் கடைசிப் படி தெரியாமல் விழப் பார்த்தீர்களாமே. வீட்டுக்காரரை விடாதீர்கள், நல்ல விளக்காகப் போடச் சொல்லுங்கள். வேலைக்கு வரும் பெண் டம்ளரை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறாள், கை பட்டு உடைகிறது என்று எழுதியிருந்தீர்கள். அவளையும் கொஞ்சம் சொல்லிவையுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புள்ள,
தம்பி மனைவி


அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பதில் வந்தது. கடைக்காரனை வாசலில் நிறுத்தி வைத்து நீங்கள் வாங்கு வாங்கென்று வாங்கியதைப் படித்தேன். பாவம், அவனை விட்டுவிடுங்கள். வேறு பெட்டியும் வேண்டாம். துண்டு ஒன்றுகூடக் குறையவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. முடித்த பகுதியைப் பலகையோடு தூக்கி நகர்த்திவிட்டுத் துணியை விரிக்கலாமென்று மேசைக்குப் போனேன். இவர் உட்காரும் நாற்காலிக்கு இடது கைப் பக்கம், மேசை விளிம்பில், துண்டுகள் கும்பலாகக் கிடந்தன. எல்லாம் இவர் வாரக்கணக்கில் தேடிய துண்டுகள். ஆகாயத்துண்டு, பாய்மரத்துண்டு, எல்லாம். எனக்கு நம் நீதிபதி மேல்தான் சந்தேகம் வந்தது. அப்பாவைச் சீண்டுவதற்கு ஒளித்து ஒளித்து வைக்கிறாள் என்று அவளைக் கண்டபடி திட்டிவிட்டேன். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பிட வராமல் இருந்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் சும்மா இருக்கவில்லை. அப்பா உட்கார்ந்ததும் எதிரில் உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து அவர் இடது முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தத் துண்டையே இவர் மேசை முழுக்கத் தேடினார். பிறகு டீ டம்ளரை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். இவர் கையால் துழாவினார், அண்ணி. கண்ணெதிரே இருக்கிற டம்ளரை இருட்டில் துழாவுவதுபோலத் துழாவினார். அவள் எழுந்து சமையலறைக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா விளையாடல. அவருக்கு அந்தப் பக்கம் தெரியவே இல்லை" என்றாள்.

தோளில் கன்றியது இடது தோள். அலமாரியில் உரசியது வண்டியின் இடது பக்கம். இத்தனை நாள் கவனக்குறைவு என்று நான் திட்டிக்கொண்டிருந்தது எல்லாமே ஒரே பக்கம். கிடங்கில் எடை போடுபவரிடம் தனியாகப் பேசினேன். இவருடைய கூட்டாளிதான் அவர். முதலில் மழுப்பினார். பிறகுதான் சொன்னார், போன வாரம் ஒரு ஆள் இடது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்க, இவர் பாட்டுக்கு வண்டியைத் திருப்பியிருக்கிறார். யாரோ கத்தியதால் ஒரு முழ இடைவெளியில் நின்றிருக்கிறது.

இவர் கையோடு வீட்டுக்குக் கொண்டுவருகிற கிடங்கு வண்டிச் சாவியை வாங்கி என் நூல்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பெரிய சண்டை. "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, தூரத்துல இருக்குற போர்டைப் படிச்சுக் காட்டட்டுமா" என்று குதித்தார். படித்தும் காட்டினார், ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனாலும் நான் இறங்கவில்லை. பக்கத்துத் தெரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். அவர் விரலை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. தலைக்குள் ஏதாவது இருந்தாலும் இப்படி ஆகும், முதலில் ஸ்கேன் எடுங்கள் என்றார். வியாழக்கிழமை எடுக்கிறார்கள்.

உங்கள் தம்பி இரண்டு நாளாகப் பஸில் பக்கமே போகவில்லை. மேசை இப்போது காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் துணி வெட்ட மனம் வரவில்லை. எடுத்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். "அக்காகிட்ட மூச்சு விடாதே, அவ பொட்டியைக் கட்டிக்கிட்டு வந்துருவா" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். உங்களிடம் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. இப்போது கிளம்பி வர வேண்டாம். தம்பிக்காக வேண்டிக்கொள்ளுங்கள், அது போதும். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணி.

உங்கள்,
தம்பி மனைவி


அன்புள்ள அண்ணிக்கு,

போனில் நான் "தலையில் ஒன்றுமில்லை" என்று சொன்னவுடன் நீங்கள் அழ ஆரம்பித்துவிட்டீர்கள். பிறகு நானும் அழுதேன். மீதியைச் சொல்ல முடியாமலே போயிற்று, ஆஸ்பத்திரியும் தையலுமாகச் சில வாரங்களும் ஓடிவிட்டன. அதனால் இந்தக் கடிதம். நிதானமாக, கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும். நடுவில் மடித்து வைக்கக் கூடாது.

ஸ்கேன் எடுத்த இடத்தில் டாக்டர் வெளியே வந்து, "தலையில ஒண்ணுமே இல்லை, சுத்தமா இருக்கு" என்றார். நம் நீதிபதி உடனே, "இதைத்தான் அம்மா கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிட்டிருக்காங்க" என்றாள். நடைபாதையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உங்கள் தம்பி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது எனக்கு.

அங்கிருந்து கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். பொறுமையான அம்மாள். ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, எப்போதெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அப்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். உங்கள் தம்பி முதல் மதிப்பெண் வாங்கிய பையனைப்போல வெளியே வந்தார். "ஒண்ணையும் விடலை, எல்லாத்துக்கும் அழுத்திட்டேன்" என்று பெருமை வேறு. டாக்டர் முடிவைக் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. இவர் பார்க்கவே பார்க்காத புள்ளிகள் அத்தனை இருந்திருக்கின்றன. வந்தது தெரிந்தால்தானே விட்டது தெரியும்.

கிளாக்கோமா என்று சொன்னார். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடுமாம். வலி கிடையாது. சிவக்காது. நேரே பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஓரத்தில்தான் அரித்துக்கொண்டே வரும். அரித்த இடம் இருட்டாகவும் தெரியாதாம், எதுவுமே குறையாதது மாதிரி இருக்குமாம். இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. வலது கண்ணில் மூக்குப் பக்கமாகத் தொடங்கியிருக்கிறது. போனது திரும்பாது. ஆனால் இருப்பதை விடாமல் காப்பாற்றிக்கொள்ளலாம், ஆயுசுக்கும் சொட்டு மருந்து தவறக் கூடாது என்றார். மருந்து ஆரம்பித்து மறுபடி காட்டியபோது அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு வருஷம் கழித்து வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான்தான் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

கிடங்கில் வண்டியிலிருந்து இறக்கி, சரக்கு சரிபார்க்கிற இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவது அவமானம் என்று முதல் வாரம் உர்ரென்று இருந்தார். இப்போது அங்கேயே மின்விசிறிக்குக் கீழே நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாராம். ஒரு பொருளைப் பார்க்க வேண்டுமானால் தலையை முழுக்கத் திருப்பிப் பார்க்கும்படி டாக்டர் பழக்கச் சொன்னார். வீட்டுக்குள் கோழி மாதிரி கழுத்தைத் திருப்பித் திருப்பி நடக்கிறார். சிரிப்பை அடக்கப் பெரும் பாடுபடுகிறோம்.

பஸில் முடிந்துவிட்டது, அண்ணி! திரைச்சீலைகளையும் ஒருவழியாகத் தைத்துக் கொடுத்துவிட்டேன். நம் நீதிபதிக்குப் பரீட்சை, அவளும் நடுவில் வந்து வந்து உதவினாள். கடைசித் துண்டு, ஆகாயத்தில் ஒரு மூலை, இவருடைய இடது முழங்கைக்குக் கீழேதான் கிடந்தது. நாங்கள் இருவரும் பார்த்துவிட்டோம். வாயைத் திறக்கவில்லை, கையையும் காட்டவில்லை. இவர் தலையைத் திருப்பினார். மெதுவாக இன்னும் திருப்பினார். தானாகவே கண்டுபிடித்து எடுத்து வைத்தார். பிறகு, "அக்கா நல்ல பொட்டியாத்தான் வாங்கியிருக்கா" என்றார். கடைக்காரனிடமும் சொல்லிவிடுங்கள்.

எனக்குத் திரைச்சீலைக் கம்பி பொருத்தித் தருகிறவரே சட்டம் போட்டுத் தந்தார். எங்கே மாட்டுவது என்று மறுபடி வழக்கு. காலி செய்து வைத்த இடது சுவர் வேண்டாம், அப்பா உட்காரும் இடத்திலிருந்து நேரே தெரிகிற வலது சுவர்தான் என்று தீர்ப்பாயிற்று. கடிகாரமும் அங்கேதான். இப்போது எங்கள் வீடே வலது பக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அந்த இரண்டு ஆணிகளையும் பிடுங்க மனமில்லாமல் விட்டு வைத்திருக்கிறோம்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. கண் டாக்டர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார், கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று. ஒரு அக்கா என்றோம். அவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம், கட்டாயம் பார்த்துவிடச் சொல்லுங்கள் என்றார். நம் நீதிபதியையும் அன்றைக்கே பார்த்தார், அவளுக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் ஒன்றும் இருக்காது, இருக்கவும் கூடாது. ஆனால் அண்ணி, இவர் தோளில் இடித்ததற்குக் கதவைச் சொன்னார். வண்டி உரசியதற்கு அலமாரியைச் சொன்னார். துண்டு கிடைக்காததற்குக் கடைக்காரனைச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். மாடிப்படி விளக்கு. மேசை ஓரத்து டம்ளர். அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், அண்ணி. அவள் எப்போதும் வைக்கிற இடத்தில்தான் வைத்திருப்பாள்.

"எனக்கு ஒண்ணுமில்லை, நல்லாத்தான் தெரியுது" என்று நீங்கள் சொல்வது இங்கே வரைக்கும் கேட்கிறது. உங்கள் தம்பியும் அதைத்தான் சொன்னார். நீங்கள் குறுக்கே பேசக் கூடாதென்றுதான் இதைக் கடிதத்தில் எழுதுகிறேன். இந்த வாரமே போங்கள். தனியாகப் போகப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், தையலை மூட்டை கட்டி வைத்துவிட்டு நான் வருகிறேன்.

படுக்கும் முன் இவருக்கு மருந்து விடுவது நான்தான். தானே விட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் வழிகிறது. தினமும் இமையைப் பிரித்து நான் சொட்டு விடும்போது, அசையாமல் படுத்தபடி ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "அக்கா டாக்டர்கிட்ட போயிட்டாளா?"

நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாளைக்கு அப்படியே சொல்வேன், அண்ணி? நீங்கள் நூறு வருஷம் நன்றாக இருந்து, இங்கே வந்து, இந்தத் துறைமுகத்தின் நான்கு ஓரங்களையும் உங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
தம்பி மனைவி