கிளெமென்ற் மாற்றிக்கொண்டுபோன கத்தி

கொட்டாஞ்சேனை,
சனிக்கிழமை.

மதிப்புக்குரிய அம்மாவுக்கு மகன் மடுத்தீன் எழுதுவது. முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம்.

உங்கள் செல்ல மகன் கிளெமென்ற் இங்கு வந்து செய்த வேலையைச் சொன்னானா? ரயில் வெளிக்கிடும் நேரம் என் மடக்குக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு தன்னுடையதை என் கையில் திணித்தான்.

"அண்ணை, இது சீமைக் கத்தி. ரெண்டு அலகு. போத்தில் திறக்கவும் சாமான் இருக்கு."

நான் எந்தப் போத்திலைத் திறக்கப்போகிறேன்? துறைமுகத்தில் நாள் முழுக்கக் கயிறு அறுக்கிறவனுக்கு, விரித்தால் விரித்தபடி நிற்கும் ஒரு அலகு போதும். என் கத்தியை மடக்க இரண்டு கையும் வேண்டும். இந்தச் சனியன் கயிற்றில் அழுத்தியதும் என் விரல்மேலேயே மடங்கிவிட்டது. சின்னக் காயம்தான். இடக்கையால் சாப்பிடப் பழகிவிட்டேன்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தீர்கள்? அந்த மடையனுக்கு அது மறந்துபோனதா?

என் கத்தி உடனே வேண்டும். தபாலில் அனுப்பவேண்டாம், அவனே கொண்டுவரட்டும். என்னோடு அறையில் இருந்த பீற்றர் போய்விட்டான். இன்னொரு பாய் விரிக்க இடமிருக்கிறது. தபாலுக்கு நேரமாகிறது.

வந்ததும் கத்தியை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். நான் எடுத்துக்கொள்வேன்.

மடுத்தீன்