பேனாவா, கீபோர்டா?

இன்று மெயின் பஜாரில் நம் மகளுக்கு ஒரு சின்ன டேப்லெட் வாங்கப் போனேன். கடைக்காரர், "யோசிச்சிக்கினே நின்னா எப்படிங்க? பேனா வச்சதா, கீபோர்டு வச்சதா?" என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவர் மேல் இல்லை, உங்கள் மேல்தான்.

நிலக்கரி மைன்ஸில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய உங்கள் குரல் நாலு குவார்ட்டர்ஸ் தள்ளியும் கேட்கும். தொண்டை ஆபரேஷனில் அது போனதும், பேசுவதற்கென்றே ஒரு டேப்லெட் வாங்கினோம். நீங்கள் அதன் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் உயிரை வாங்கினீர்கள். நாலு வார்த்தையில் திரை நிரம்பிவிடும். எழுத்தோ கோழிக் கிறுக்கல். ஒரு பதிலை நீங்கள் எழுதி முடிப்பதற்குள் நான் அடுத்த சண்டைக்குப் போயிருப்பேன். அதையாவது பொறுக்கலாம். எழுதியதை அழித்துவிட்டு, மறுநாள் அப்படிச் சொல்லவே இல்லை என்று தலையாட்டுவீர்களே, அதை எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள்? பேனா வேறு அடிக்கடி கட்டிலுக்கடியில் போய்விடும். குனிந்து தேடுவது நான்.

அதனால்தான் கீபோர்டு வைத்த உறை வாங்கி வந்தேன். "இனிமே இதுல தட்டுங்க. சொன்னது அப்படியே நிக்கட்டும்" என்றேன். முறைத்துக்கொண்டே தட்டினீர்கள்.

அந்த வாரமே மறுபடி ஸ்கேன் எடுக்க வரச் சொன்னார்கள். நீங்கள் பிடிகொடுக்கவில்லை. "வர்றீங்களா, மாட்டீங்களா?" என்று கத்தினேன். "சரி" என்று தட்டினீர்கள். அச்சடித்த ஒரு "சரி". கோபமா, பயமா, என் வாயை அடைக்கச் சொன்னதா, ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு உங்கள் பேச்சு விளங்கவில்லை. நானே பேனாவைத் தேடி எடுத்து உங்கள் கையில் திணித்தேன்.

"வர்றேன். கத்தாதடி" என்று அழுத்தி எழுதினீர்கள். கடைசி எழுத்துக்குத் திரையில் இடமே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கீபோர்டை அலமாரியில் போட்டேன். அன்றிலிருந்து சண்டையிலும் முறை வந்துவிட்டது. நான் ஒன்று சொன்னால், நீங்கள் எழுதும் வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். கொடுமை!

எழுத நீங்கள் இல்லாமல் போன பிறகும், இன்று பேனா வைத்ததைத்தான் வாங்கி வந்தேன். "டைப் அடிக்கத்தானேம்மா கேட்டேன்?" என்று மகள் சிணுங்கினாள். "வாங்கித் தந்ததை வச்சுக்க" என்று சீறிவிட்டு நின்றேன்.

"ஏம்மா பாதியில நிறுத்திட்ட? கோவம் போயிடுச்சா?" என்கிறாள்.

கோபமெல்லாம் போகவில்லை. நீங்கள் எழுதி முடிக்கட்டும் என்று நிற்கிறேன்.