முழங்காலில் வந்து உட்கார்ந்த நான்காம் யூனிட்

ஜூலை 8, திங்கள்

இன்றும் காலேஜ் போகவில்லை. இடது முழங்காலுக்கு மேல் வீக்கம் குறையவே இல்லை. போன மாதம் அன்பு அண்ணன் வண்டியில் பாலக்கோடு போகும்போது இரண்டு பேரும் விழுந்தோம். அவனுக்கு வெறும் சிராய்ப்பு. எனக்கு அதற்கு முன்பே முழங்காலில் வலி, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் முகமே மாறிவிட்டது. சேலம் போகச் சொன்னார்.

ஜூலை 19

எலும்புப் புற்றுநோயாம். ரிசல்ட் கேட்டதும் அம்மா என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தாள். "நீ கீழ தள்ளுனதுலதான் வந்துச்சு. இனிமே என் வூட்டுப் பக்கம் வராத." ஆஸ்பத்திரி வராண்டாவில், எல்லார் முன்னாலும். அவன் வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் கோபம். ஏதாவது சொல்ல வேண்டியதுதானே?

ஜூலை 21

அண்ணன் வேலை பார்க்கும் தக்காளி மண்டியிலேயே படுத்துக்கொள்கிறானாம். அப்பா போனபிறகு வீட்டில் மூன்றே பேர். அதிலும் ஒருத்தனைத் துரத்தியாச்சு.

ஆகஸ்ட் 2

முதல் கீமோ. வாந்தி.

ஆகஸ்ட் 6

வார்டு டாக்டர் பானுமதியிடம் கேட்டே விட்டேன், விழுந்ததால் வந்ததா என்று.

"விழுந்ததால வரலைம்மா. விழுந்ததால எக்ஸ்ரே எடுத்தீங்க. இல்லேன்னா இன்னும் தைலம்தான் தேச்சிக்கிட்டு இருந்திருப்பீங்க."

பிறகு அவரே விளக்கினார். செல்லின் மேலே ஒரு புரதம் இருக்கிறது. வளரச் சொல்லி வெளியிலிருந்து சேதி வந்தால் அதை வாங்கி உள்ளே இருக்கும் புரதத்திடம் கொடுக்கும். அது அடுத்ததிடம். இப்படிக் கைமாறி உட்கருவுக்குப் போனதும் செல் இரண்டாகப் பிரியும். சேதி நின்றால் எல்லாம் அடங்க வேண்டும். என் எலும்பில் அடங்கவில்லை. யாரும் சொல்லாமலே 'வளர், வளர்' என்று புரதங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

இதெல்லாம் எங்கள் செல் உயிரியல் பாடத்தில் நான்காம் யூனிட். போன செமஸ்டரில் சாய்ஸில் விட்டேன். இப்போது முழங்காலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 7

அம்மாவிடம் சொன்னேன். "நம்ம போர் மோட்டார ஆட்டோவுல போட்டு வுட்டா கரண்ட் வந்ததும் அதுவே ஓடுதில்ல, அந்த மாதிரிம்மா. அண்ணன் ஒண்ணும் பண்ணல. யாருமே பண்ணல."

"அப்ப நான் யாரத்தான் திட்டறது?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் அவள் அழுததே இல்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ? தெரியல. எனக்கு அண்ணன் வேணும், அவ்ளோதான்.

செப்டம்பர் 11

டாக்டர் சொன்னதை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒரு மாதமாகிறது. நீல டிக் வந்தது. பதில் இல்லை.

அக்டோபர் 14

நாளை மறுநாள் ஆபரேஷன். கட்டி ரத்தக்குழாயைச் சுற்றிவிட்டதால் காலை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாதாம். சரி, எடுத்துவிடுங்கள் என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். பயமா இருக்கு. அண்ணனுக்கு நாள், வார்டு எல்லாம் அனுப்பினேன்.

அக்டோபர் 21

முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். வெட்டிய இடத்தின் ஓரத்தில் கட்டி இல்லை என்று ரிப்போர்ட். கீமோ இன்னும் உண்டு. இல்லாத பாதம் அரிக்கிறது.

மத்தியானம் அண்ணன் வந்தான். இளைத்திருந்தான். உள்ளே வராமல் வார்டு வாசலிலேயே நின்றான். அம்மா எனக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன நின்னுக்கிட்டு இருக்க? வந்து பாப்பாவத் தூக்கி உக்கார வெய்யி. எனக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு."

தூக்கி உட்கார வைத்தான். காலையிலிருந்து மூன்று தடவை அம்மாதான் என்னைத் தூக்கி உட்கார வைத்தாள். அப்போதெல்லாம் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.