சோம்பேறிக்குக் கட்டிய பூட்ஸ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உங்கள் வீட்டு லாயக்காரன் சொல்லச் சொல்ல, அவன் மருமகள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் மகளும் அந்தப் பெண்குதிரையும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

பெரிய பாலத்தைத் திறந்து வைத்து, மூன்றாம் நாளே விரிசல் என்று மூடினார்களே, அந்த வருடம் நாம் கடைசியாகப் பேசியது. லாயத் தெருவுக்குக் கரண்டு வந்ததும் அதே வருடம்தான். முதல் பல்பு தீவனக் கிடங்கில் எரிந்தது. குதிரைகள் இரண்டு நாள் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்றன. உங்களுக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடந்தது. அதற்குப் பிறகு இப்போதுதான் உங்களிடமிருந்து ஒரு கடிதம். நான் எழுத்துப் படிக்காதவன். ஆனால் காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் என்னை விட்டுப் போனதில்லை. அதனால் வருடம், மாதம் தப்பாது.

உங்கள் கடிதத்தை மருமகள் மூன்று தரம் படித்துக் காட்டினாள். அவள் தையல்காரி. கீழே கடை, மேலே குடித்தனம். வெட்டுகிற மேஜை மேல் வைத்துத்தான் இதையும் எழுதுகிறாள். "குதிரைக்குக்கூட பூட்ஸா மாமா? எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்க உங்க பிள்ளை ஆறு மாசமா யோசிக்கிறாரு" என்றாள். அவன் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். அவன் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

உங்களைப் பாப்பா என்று எழுதச் சொன்னதற்கும் சிரிப்பு. "அவங்களே பாட்டியாகியிருப்பாங்க" என்கிறாள். எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மகளுடைய குதிரைக்குப் பின்னங்கால் இரண்டிலும் கணுவின் உள்பக்கம் காயம் என்று எழுதியிருக்கிறீர்கள். இடது முன்னங்காலில், குளம்புக்குப் பின்னால் இருக்கிற சதையில் ஒரு வெட்டு. இன்னும் ஒரு மாதம் இப்படியே காலோடு கால் அடித்துக்கொண்டால் சவாரிக்கே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் அதை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அழுகிறாள். அடி படாமல் காலைச் சுற்றிக் கட்டுகிற பூட்ஸைக் கடைக்காரர் ஐந்து விதமாகக் காட்டியதில் குழம்பி, மூன்று ஜோடி வாங்கி, எதையும் கட்டாமல் பத்தொன்பது நாளாகப் பெட்டியிலேயே வைத்திருக்கிறீர்கள்.

முதலில் லாடம் அடிக்கிறவரைக் கூப்பிடுங்கள், பூட்ஸுக்கு அப்புறம் வரலாம். லாடம் உள்பக்கம் குளம்பை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, ஆணி முனை எங்காவது தலை தூக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கத்தியைக் காலில் கட்டி ஓடவிட்டு, மேலே எத்தனை பட்டை சுற்றி என்ன பிரயோஜனம்?

அது சரியாக இருந்தால், பின்னங்காலுக்கு மிருதுவான பூட்ஸ் போதும். உள்பக்கம் மட்டும் கெட்டியாக ஒரு தட்டு வைத்துத் தைத்திருக்க வேண்டும். கால் காலை அடித்தால் அடி அந்தத் தட்டில் விழும். முன்னங்கால் வெட்டு வேறு கணக்கு. பின்னங்கால் எட்டி வந்து முன் குளம்பை மிதிக்கிறது. அதற்குக் குளம்பைச் சுற்றி மணி மாதிரி கவிழ்ந்து நிற்கிற ரப்பர்தான் வேண்டும். தரையைத் தொடாமல், பின்சதையை மூடி நிற்க வேண்டும்.

முன்பக்கம் திறந்து, பின்னால் மட்டும் ஓடு மாதிரி இருக்கிறதே, அது கம்பு தாண்டுகிற குதிரைக்கு. முன்னால் கம்பு பட்டால் குதிரைக்கு உறைக்க வேண்டும் என்று அப்படி விட்டிருக்கிறார்கள். உங்களுடையது தாண்டுவதில்லை என்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளை ரோமம் வைத்தது பார்க்க ராஜா வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஈரத்தில் ஒரு தரம் போய்விட்டு வந்தால் தண்ணீரைக் குடித்துக் கனமாகிக் கீழே இறங்கும், மணலும் முள்ளும் உள்ளே சேரும். அதை அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

அளவு எடுக்காமல் வாங்கியிருக்கிறீர்கள் என்பதில் மருமகளுக்குக் கோபம். "கண்ணளவுல தெச்ச சட்டை யாருக்கு மாமா சேரும்?" என்கிறாள். டேப்பை முழங்காலுக்கும் கணுவுக்கும் நடுவில், காலை ஒட்டிச் சுற்றிப் பிடியுங்கள். உயரத்தையும் பாருங்கள். முழங்கால் மடங்கும்போது பூட்ஸின் மேல் விளிம்பு இடிக்கக் கூடாது. இடம் வலம் பார்ப்பது சுலபம்: கட்டுகிற வார் வெளிப்பக்கம் வர வேண்டும், அதன் நுனி வாலைப் பார்த்து இருக்க வேண்டும்.

காலைக் கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு, கட்ட வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்துக் கீழே இழுத்து விடுங்கள். ரோமம் படிந்து நிற்கும். எல்லா வாரையும் ஒரே அளவு இறுக்கத்தில் கட்டுங்கள். சவாரி முடிந்ததும் உடனே கழற்றிவிட வேண்டும். உள்ளே சூடு தங்கினால் நரம்புக்குக் கெடுதல். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கையை விடப் புறங்கைக்குத்தான் சூடு சீக்கிரம் தெரியும்.

இவ்வளவுதான் நீங்கள் கேட்டது. ஆனால் கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மகள் வேலைக்குப் போய்விடுவதால் காலையில் நீங்கள்தான் கட்ட வேண்டும், ஆனால் உங்கள் கையால் கட்ட முடியவில்லை என்று. மருமகள், வயதானதால் கை நடுக்கமோ என்று கேட்டாள். அது இல்லை என்றேன்.

நாம் கடைசியாகப் பேசிய அன்றைக்கு வெளிமைதானத்தில் கம்பு தாண்டுகிற போட்டி. அங்கே போனதும் சோம்பேறிக்கு முன்னங்கால் லாடம் ஒன்று ஆடியது. நான் லாடக்காரரைக் கூட்டி வந்து சரி செய்துவிட்டு, கூலி ஆளோடு திரும்புவதற்கு வண்டி பேசப் போனேன். (மருமகளே, சோம்பேறி என்பது குதிரையின் பேர். சுவரில் சாய்ந்து நின்று தூங்குவான், மைதானத்தில் இறங்கினால் பறப்பான்.) நான் திரும்பி வருவதற்குள் நீங்கள் நாலு காலுக்கும் பூட்ஸ் கட்டி முடித்து, பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். முகம் பூரித்துப் போயிருந்தது. "நானே கட்டிட்டேன், பாத்தீங்களா" என்றீர்கள். "வாருக்குள்ள ஒரு விரல் போகுதா?" என்று கேட்டேன். "ஓ, போகுதே" என்று உங்கள் சுண்டுவிரலை நுழைத்துக் காட்டினீர்கள். ஒரு விரல் போக வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். யாருடைய விரல் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. உங்கள் விரல் அப்போது வெண்டைப் பிஞ்சு மாதிரி இருக்கும்.

மதியம் கழற்றும்போது இடது முன்னங்கால் பின்நரம்பு கொதித்தது. சாயங்காலத்துக்குள் வீங்கிவிட்டது. டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி இவன் தாண்ட மாட்டான் என்றார். முதலாளி, உங்கள் அப்பாதான், என்னைப் பார்த்து, "யார்யா கட்டினது?" என்றார். நான்தான் என்றேன். "ஒரு வார் கட்டத் தெரியாதவனுக்கு என் லாயத்துல என்னய்யா வேலை?" என்றார். நீங்கள் தீவனக் கிடங்கு வாசலில் நின்றீர்கள். அதே பிரஷ் கையில் இருந்தது.

இந்த இடத்தில் மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "இத எழுதட்டுமா, வேணாமா?" என்று கேட்டாள். என் மகன் பேப்பரை இறக்கிவிட்டான். வார் கட்டத் தெரியாமல் வேலையைத் தொலைத்தவர் என்று அவன் என்னை வாய்க்கு வாய் சொல்லுவான், எனக்கும் பழகிவிட்டது. எழுது என்றேன். ஏனென்றால் முக்கியமானது இனிமேல்தான் வருகிறது.

பாப்பா, உங்களுக்காக நான் பழியை ஏற்றுக்கொண்டேன் என்று இத்தனை வருடம் நினைத்திருப்பீர்கள். அதைத் தூக்கித் தூரப் போடுங்கள். நான் அவ்வளவு பெரிய மனுஷன் இல்லை. நீங்கள் விரலை எடுத்த பிறகு, அந்த இடது காலில் நான் என் விரலை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனால் மைதானத்தில் மணி அடித்துவிட்டார்கள். முதலாளி வேறு வந்துகொண்டிருந்தார். அவர் எதிரில் நீங்கள் கட்டியதை நான் அவிழ்த்தால் உங்கள் முகம் விழுந்துபோகும். நம் விரல் தடிமன், அதனால்தான் நுழையவில்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, கடிவாளத்தைப் பிடித்துச் சவாரிக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். முதலாளியிடம் நான் பொய் சொல்லவில்லை. கடைசியாக அந்தக் காலைப் பார்த்து, சரி என்று விட்டவன் நான். கட்டியது நான் என்றுதான் அர்த்தம்.

அப்போதே வந்து உங்களிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தரம் உங்கள் வீட்டு கேட் வரைக்கும் வந்தேன். நீங்கள் குதிரை ஏறுவதையே விட்டுவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். அதைக் கேட்டதும் அப்படியே திரும்பிவிட்டேன். அதுவும் என் தப்புதான்.

சோம்பேறியைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அவனைப் பழத்தோட்டக்காரர் ஒருவர் வாங்கினார், நானும் அவனோடு போய் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலை லேசாகச் சாய்த்து நடப்பான். காலையில் கூடை வண்டி ஒரு நடை இழுப்பான், அதற்கு மேல் இழுக்கச் சொன்னால் நின்றுவிடுவான். கீழே விழுந்த பழத்தைத் தின்று வயிறு வைத்துவிட்டது. ஒன்பது வருடம் இருந்தான். ஒருநாள் மத்தியானம் சுவரில் சாய்ந்து நின்றவன் அப்படியே உட்கார்ந்தான், அவ்வளவுதான். வலி ஏதும் இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.

எனக்கு இப்போது மூச்சுதான் கொஞ்சம் தொந்தரவு. மாடிப்படி ஏறுவதை நிறுத்தியாயிற்று, கீழே கடையிலேயே ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தையல் மிஷின் சத்தத்தில் நல்ல தூக்கம் வருகிறது. நீங்கள் கிளம்பி வர வேண்டாம், அலைச்சல். பதில் போட்டால் போதும். மருமகள் படித்துக் காட்டுவாள்.

நாளைக் காலையில் பெட்டியைத் திறந்துவிடுங்கள். உங்களுக்கும் இப்போது விரல் தடித்திருக்கும், பயம் இல்லை. சந்தேகம் வந்தால், யார் எதிரில் நின்றாலும் சரி, எந்த மணி அடித்தாலும் சரி, அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். மகளுடைய குதிரை பல வருடம் நல்லபடியாக ஓட வேண்டும், அந்தப் பெண் மனம் குளிர வேண்டும். நீங்களும் ஒரு தரம் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தால் எனக்குச் சந்தோஷம்.

அன்றைக்குச் சோம்பேறியின் காலைத் தொட்டவர்கள் யார் யார் என்று நேற்று எண்ணிப் பார்த்தேன். லாடக்காரர் வெள்ளம் வந்த வருடம் போனார். டாக்டர் அதற்கு மறு வருடம். முதலாளி போனது உங்களுக்கே தெரியும். வண்டி பேச என்னோடு வந்து, வீங்கின காலுக்கு விடிய விடிய ஈரத்துணி மாற்றிய கூலி ஆள், போன மாதம். என்னைச் சேர்க்க வேண்டாம், மூச்சுக்கு மருந்து தருகிற டாக்டரும் சேர்க்கவில்லை. இனி இருக்கிறது நீங்கள் ஒருத்தர்தான், பாப்பா.