பிந்திப் பாயும் கழுதை

கழுதைக்குக் கால் வரைந்து என் தலையில் கட்டிவிட்டுப் போன மச்சான் றெஜிக்கு,

நீ கோபப்படுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நம் விளையாட்டில் கை வைத்துவிட்டேன். அதுவும் நீ தொடவே விடாத இடத்தில், கழுதையின் பாய்ச்சலில்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டுமே, முதலில் அந்தச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். போனில் விளையாடுகிற ஒரு சின்ன விளையாட்டை நீயும் நானும் சேர்ந்து செய்தோம். மன்னார் கடைத்தெருவில் வழிமறித்து நிற்கும் கழுதைகளில் ஒன்றைப் பார்த்து நீ வரைந்தாய். அது மதில்களையும் பள்ளிமுனைப் படகுகளையும் தாண்டி ஓடி, கடைசியில் ஒரு கிணற்றுக்குள் விழும். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்களில் மாறி மாறிப் பாய்ந்து மேலே வரவேண்டும். கல்லைத் தவறவிட்டு விழும்போது ஒரு கத்தல் கேட்கும். அதை நீயே உன் வாயால் கத்திப் பதிந்தாய். கழுதையின் குரலுக்கு வேறு ஆளைத் தேடத் தேவையில்லை என்று நான் சிரித்தது உனக்கு நினைவிருக்கிறதா?

கல்லின் விளிம்பைவிட்டுக் கால் நழுவியபிறகு ஒருவர் பொத்தானை அழுத்தினால் என்ன செய்வது? கண் வெட்டும் நேரம் பொறுத்து அந்தப் பாய்ச்சலையும் ஏற்றுக்கொள்வோம் என்றேன். விளையாட்டு எழுதுகிற எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், விளையாடுகிறவருக்குத் தெரியவும் வராது என்றேன்.

"அது கள்ளவேலை, மச்சாள். பிந்தினா விழத்தான் வேணும்," என்றாய். விளையாட்டை இயக்கும் நிரலிலேயே எனக்கு ஒரு குறிப்பும் எழுதி வைத்தாய்: மச்சாள், இதில கை வைக்காதே. உன் பிடிவாதம் ஊரறிந்தது. விட்டுவிட்டேன்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. சும்மா காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். "வலையை எடுத்திட்டு வாறன்," என்று மாமா, உன் அப்பா, கடலுக்குப் போனார். பொழுது சாயுமுன் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடவேண்டியதாயிற்று. கரைக்கு வந்து செய்தி கேட்டு, நனைந்த சாரத்தோடு மாமா வாட்டுக்குள் வந்து நின்றபோது உன் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். கொஞ்ச நேரம் முன்னால் வந்திருந்தால் உன்னோடு பேசியிருப்பார். நீ அவரைக் கேட்டபடி இருந்தாய் என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்ல?

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பியதும், மாமா உன் போனைக் கையில் எடுத்தார். "இவன் இதுக்குள்ள என்னதான் செய்துகொண்டிருந்தவன்?" என்று கேட்டார். காட்டிக்கொடுத்தேன். மதில்களைத் தாண்டினார். படகுகளைத் தாண்டினார். கிணற்றுக்குள் விழுந்தார்.

அதோடு சரி. யன்னலைக்கூடத் திறக்காமல் உன் அறைக் கதிரையில் இருக்கிறார். படகு பள்ளிமுனைக் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. மடு மாதா கோயிலுக்கு ஒருக்கால் போய்வருவோம் என்று மாமி கெஞ்சினார். "கிணத்தால ஏறிப்போட்டு வாறன்," என்றார் மாமா. தாருங்கோ மாமா, நான் ஏற்றிவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "என்ர மகன் வெட்டின கிணறு. நான்தான் ஏறோணும்," என்று போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

கயிறு இழுத்துத் தடித்துப்போன பெருவிரல் அவருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு துளி பிந்தியே விழும். அது விழ, கழுதை விழும். கழுதை விழ, நீ கத்துவாய். நாள் முழுக்க அந்த வீட்டில் நீ கத்திக்கொண்டே இருந்தாய், றெஜி. மாமி குசினிக்குள் காதைப் பொத்திக்கொண்டு இருந்ததைப் பார்த்தேன்.

"பிள்ளை, அவர் கிணத்துக்க கிடக்கிறார். எங்களையும் இழுத்து வைச்சிருக்கிறார். எனக்கு மூச்சு முட்டுது. நீ ஏதாவது செய்," என்று என் கையைப் பிடித்தார்.

எனக்கு மட்டும் மூச்சு முட்டவில்லையா? வேலைக்குப் போனாலும் அந்தக் கத்தல் காதில் கிடக்கிறது. மடிக்கணினியைத் திறந்தால் கை வைக்காதே என்று உன் குறிப்பு முன்னால் நிற்கிறது. செத்தவனின் சொல்லை மீறுவதா, உயிரோடு இருக்கிறவரை அப்படியே விடுவதா? உன்மேல் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே செய்தேன்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. கால் நழுவியதும் ஓர் எண் குறையத் தொடங்கும். அது பூச்சியம் ஆகுமுன் அழுத்தினால் பாய்ச்சல் செல்லும். பாய்ந்ததும் அந்த எண்ணை நாமே பூச்சியமாக்கிவிட வேண்டும். அவசரத்தில் அதை மறந்துபோனேன். மாமா கண்ணயர்ந்திருந்தபோது, அவரிடம் ஒன்றும் சொல்லாமல் உன் போனில் ஏற்றி வைத்தேன். அவர் பொறுமை கெட்டு இரண்டு தரம் அழுத்த, எண் இன்னும் மிச்சம் இருந்ததால் கழுதை பாய்ந்த பாய்ச்சலில் அந்தரத்தில் நின்று இன்னொரு தரம் பாய்ந்தது.

"எடியே, கழுதை பறக்குது!" என்று மாமா கத்தினார். மாமி ஓடிவந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மாமா சிரிக்கவில்லை. "பறந்ததை விடு. முதல் தரமும் நான் பிந்தித்தான் அமத்தினனான். எனக்குத் தெரியும். ஏன் விழேல்ல?"

கடலில் கிடந்த மனிதரை ஏமாற்ற முடியுமா? "கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை எண்டு நான்தான் மாத்தினனான், மாமா," என்றேன்.

"கொஞ்சம் எண்டா?"

"கண் வெட்டுற நேரம்."

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அவனிட்ட அதைவிடவும் பிந்தித்தானே வந்தனான்," என்றார்.

மாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"அந்த நேரத்தைக் கூட்டேலுமோ, பிள்ளை?"

"கூட்டலாம், மாமா. ஆனா வடிவா இராது. கழுதை வெறும் காத்தில நடந்துபோட்டுத்தான் பாயும்."

"நடக்கட்டும்," என்றார்.

அவர் பக்கத்திலேயே இருந்து கூட்டினேன். மறந்த பூச்சியத்தையும் போட்டேன். மாமா கழுதையைக் கல்லிலிருந்து வெளியே நடக்கவிட்டார். அது ஒன்றுமில்லாத இடத்தில் காலை வைத்து நின்றது. அவர் அழுத்தவில்லை. இன்னும் அழுத்தவில்லை. பிறகு மெல்லப் பெருவிரலை வைத்தார். பாய்ந்தது. அடுத்த கல்லில் இன்னும் பிந்தினார். அதற்கும் பாய்ந்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, மச்சான். நீ கண்டிருந்தால் என் மண்டையில் குட்டியிருப்பாய்.

கழுதை கிணற்றுக்கட்டில் ஏறி நின்றது. அதற்கு மேல் நீ ஒன்றும் வரையவில்லை, வெறும் நீலம்தான். மாமா போனை மடியில் வைத்தார்.

"நான் வாட்டுக்க வந்து அவன்ர கையைப் பிடிக்கேக்க சூடாத்தான் இருந்தவன், பிள்ளை," என்றார். "சூடாத்தான் இருந்தவன்."

உன்னை அடக்கம் செய்த அன்றுகூட அழாத மனிதர் அப்போதுதான் அழுதார். மாமி வந்து அவர் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நானும் அழுதேன். அதன்பிறகு அன்றைக்கு அந்த வீட்டில் நீ ஒரு தடவையும் கத்தவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். மாமா இன்னும் கடலுக்குப் போகவில்லை. திரும்பத் திரும்ப அதே கிணற்றில் இறங்கி ஏறுகிறார். யன்னலை மட்டும் நேற்று மாமி திறந்தபோது மூடச் சொல்லவில்லை.

உன் குறிப்பை அழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன். இந்த விளையாட்டை யார் பார்த்துச் சிரித்தாலும் அந்த எண்ணை இனிக் குறைக்கவும் மாட்டேன். உன் அப்பா எவ்வளவு பிந்தி வந்தாலும் கழுதை அவருக்காக நிற்கும். அதற்கு நான் பொறுப்பு.

உன் சொல் கேளாத மச்சாள்,
ஜெசிந்தா
தோட்டவெளி